டிசம்பர் போட்டிக்கு முன்னால் ஒரு சந்தேகம்: எந்த கான்ஃபரன்ஸ் பலமானது என்று எப்படிப் பார்ப்பது?

கொழிஞ்சாம்பாறை பெஞ்ச்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அமெரிக்க மகளிர் கல்லூரி வாலிபால் பற்றி ஒரு கேள்வி. அங்கே அணிகள் பிக் டென், எஸ்.இ.சி., ஏ.சி.சி. மாதிரி கான்ஃபரன்ஸ் என்கிற குழுக்களாகப் பிரிந்து சீசன் ஆடும், டிசம்பரில் 64 அணிகள் தேசியக் கப்புக்கு மோதும். இதைப் பார்க்கிற தமிழ் ஆட்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அக்கா மகள் நெப்ராஸ்காவில் லிங்கன் நகரத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். 2023 ஆகஸ்ட் 30 அன்று அங்கே அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்தின் நடுவில் வாலிபால் கோர்ட் போட்டு ஆடினார்களே, 92,003 பேர் வந்த அந்த ஆட்டத்துக்கு அவளும் போயிருந்தாள். வீடியோ அனுப்பினாள். அதை டீக்கடை பெஞ்சில் போட்டுக் காட்டியதுதான் நான் செய்த தப்பு. அன்றிலிருந்து நாங்கள் ஐந்து பேர் வருஷா வருஷம் 64 அணி அட்டவணையை பேப்பரில் வரைந்து யார் ஜெயிப்பார்கள் என்று எழுதுகிறோம். கடைசி வருகிறவர் மற்ற நாலு பேருக்கும் பொள்ளாச்சியில் சாப்பாடு வாங்கித் தர வேண்டும்.

ரெண்டு வருஷமாக நான்தான் வாங்கித் தருகிறேன். ரெண்டு வருஷமும் கப் நெப்ராஸ்காவுக்கு என்று எழுதினேன். 2023 இறுதியில் டெக்சாஸ் 3-0 என்று துடைத்துவிட்டது. 2024 அரையிறுதியில் முதல் ரெண்டு செட் ஜெயித்த பிறகு பென் ஸ்டேட்டிடம் 2-3. அன்று காலை நான் பால் வாங்கக்கூடப் போகவில்லை.

இந்த 2025 சீசனில் நவம்பர் முடிய நெப்ராஸ்கா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆனால் பெஞ்சில் ஒருத்தர், "அது பிக் டென் கான்ஃபரன்ஸ் இந்த வருஷம் லேசானதால்தான், எஸ்.இ.சி.யில் ஆடியிருந்தால் தெரிந்திருக்கும்" என்கிறார். இன்னொருத்தர் ஏ.சி.சி.தான் பலம் என்கிறார். ஒருத்தர் தரவரிசையில் எத்தனை அணி என்று எண்ணுகிறார், இன்னொருத்தர் சராசரி போடுகிறார். செப்டம்பருக்கு அப்புறம் இந்த கான்ஃபரன்ஸ்கள் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. அப்புறம் எப்படித்தான் ஒப்பிடுவது? திங்கட்கிழமை விடியற்காலை நம் நேரத்துக்கு அட்டவணை வந்துவிடும். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

---

வாளையார் ரயில்:

இதில் என்ன குழப்பம் அண்ணா. ஆர்.பி.ஐ. என்று ஒரு தரவரிசைக் கணக்கு இருக்கிறது. அந்த 64 அணியைப் பொறுக்குகிற தேர்வுக் குழுவே அதை மேஜையில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறது. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் இருக்கிற அணிகளின் ஆர்.பி.ஐ.யைக் கூட்டி வகுத்தால் முடிந்தது. நான் கோயம்புத்தூர் வேலைக்கு ரயிலில் போகும்போதே போட்டுவிடுவேன்.

---

பழைய லிஃப்டர், வண்ணாமடை:

முடியவில்லை தம்பி. ரயில் தம்பி சொன்ன சராசரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆர்.பி.ஐ. என்பது மூன்று துண்டு. உங்கள் வெற்றி சதவீதத்துக்கு 25, உங்களோடு ஆடியவர்களின் வெற்றி சதவீதத்துக்கு 50, அவர்களோடு ஆடியவர்களுக்கு 25. உங்கள் சொந்த ஆட்டத்துக்குக் கால் பங்குதான், பாதி மார்க் எதிராளிக்குப் போகிறது. ஒரு அணி நூற்றுக்கு 80 ஜெயித்திருக்கிறது, எதிராளிகள் 55, அவர்களின் எதிராளிகள் 52 என்றால் கணக்கு 0.605 வரும். இன்னொரு அணி 65தான் ஜெயித்தது, ஆனால் எதிராளிகள் 66, அவர்களுடையவர்கள் 58. இது 0.6375. குறைவாக ஜெயித்தவள் மேலே போய்விட்டாள். பலமான ஊரில் தோற்றால் கௌரவம் என்பது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், கான்ஃபரன்ஸுக்குள் ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்த வட்டத்துக்குள் வெற்றி கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பிக் டென்னில் 18 அணி, ஆளுக்கு 20 ஆட்டம். மொத்தம் 180 ஆட்டம், 180 வெற்றி, 180 தோல்வி. அக்டோபர், நவம்பர் முழுக்க அடித்துப் பிடித்து ஆடினாலும் கூட்டிப் பார்த்தால் பாதிக்குப் பாதிதான். ஆகவே கான்ஃபரன்ஸின் மார்க் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிப் பகுதி வரை வெளி அணிகளோடு ஆடிய அந்த நாலு வாரத்திலேயே ஏறக்குறைய எழுதி முடிந்துவிடுகிறது. அப்போது புதுப் பிள்ளைகள் எந்தப் பக்கம் கவர் போக வேண்டும் என்றுகூடத் தெரியாமல் நிற்பார்கள். அடிக்கப் பந்து தூக்கிக் கொடுக்கிற லிஃப்டருக்கும் வலை நடுவில் நிற்கிற பிளாக்கருக்கும் டைமிங் ஒட்டியிருக்காது. அந்த நேரத்து மார்க்கை வைத்து டிசம்பரில் தீர்ப்பு எழுதுகிறோம்.

உதாரணம் வேண்டுமா? 2024 செப்டம்பரில் ஏ.சி.சி.க்குப் புதிதாக வந்த எஸ்.எம்.யு. அணி நெப்ராஸ்காவை 3-0 என்று அடித்தது. அன்று பார்த்தவன் ஏ.சி.சி.தான் பெரிசு என்று எழுதியிருப்பான். அதே நெப்ராஸ்கா அந்த சீசன் முடிவில் பென் ஸ்டேட்டோடு பிக் டென் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டு அரையிறுதி வரை போனது.

சரி, அப்புறம் எப்படிப் பார்ப்பது? என் வழி ஒன்று இருக்கிறது. "எந்த கான்ஃபரன்ஸ் பலம்" என்று கேட்காதீர்கள். "யாருக்குப் பலம்" என்று கேளுங்கள். கப் ஜெயிக்கக்கூடிய ஒரு அணியை எந்த கான்ஃபரன்ஸில் கொண்டு போய் விட்டாலும் கடைசி எட்டு பேரை அது மூன்று செட்டில் முடித்துவிடும். அவளுக்கு உச்சியில் இருக்கிற மூன்று நாலு பேர்தான் கான்ஃபரன்ஸ். நாட்டில் நாற்பதாவது இடத்தில் இருக்கிற அணிக்கு நேர் எதிர். உச்சியில் இருக்கிறவர்களிடம் எங்கே ஆடினாலும் தோற்கத்தான் போகிறாள். நடுவிலும் கீழேயும் லேசான ஆட்டம் எத்தனை கிடைக்கும் என்பதுதான் அவளுக்குக் கணக்கு. ஒரே கான்ஃபரன்ஸ் ஒருத்திக்கு மலை, இன்னொருத்திக்கு மேடு. சராசரி இந்த ரெண்டையும் கலந்து கொடுத்துவிடுகிறது. எங்கள் தோப்புக் காய் எடுக்க வருகிற வியாபாரி தேங்காயைக் குவியலாக எடை போட்டுவிட்டு நல்ல காய்க்கும் பொடிக் காய்க்கும் ஒரே விலை சொல்வாரே, அந்த மாதிரி.

ஆகவே பேப்பரில் மூன்று கோடு போடுங்கள். ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் உச்சி நாலு, நடு ஆறு, மீதி. உச்சியை உச்சியோடு மட்டும் வையுங்கள். ஐந்தாவது இடத்து அணியை ஐந்தாவது இடத்து அணியோடு வையுங்கள். நான் முதலில் பார்ப்பது எப்போதுமே அந்த ஐந்தாவது அணியைத்தான்.

அதற்குச் சொந்தக் காரணம் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் பல்கலைக்கழக அணிக்கு லிஃப்டர். நம் நாட்டுப் பல்கலைக்கழகப் போட்டி நாலு மண்டலம். மண்டலத்துக்கு முதல் நாலு அணி அகில இந்தியப் போட்டிக்குப் போகும். நாங்கள் தென் மண்டலத்தில் காலிறுதியில் ஐந்தாவது செட் 13-15 என்று போனோம். எங்களைத் தோற்கடித்தவர்கள்தான் கடைசியில் கப் வாங்கினார்கள். ஆனால் நாங்கள் முதல் நாலில் இல்லையே, வீட்டுக்கு வந்துவிட்டோம். மறு மாசம் பொள்ளாச்சியில் ஒரு அழைப்புப் போட்டி. வேறு மண்டலத்தில் நாலாவதாக வந்த அணி வந்திருந்தது. டிராக் சூட் முதுகில் 'ஆல் இந்தியா' என்று பெரிசாக அச்சடித்துப் போட்டுக்கொண்டு. அவர்களை மூன்று நேர் செட்டில் முடித்தோம், ரெண்டாவது செட்டில் 11 பாயிண்டுதான் கொடுத்தோம். முடிந்ததும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி வந்து, "அக்கா, நீங்கள் எங்கே காணோம்?" என்று இந்தியில் கேட்டாள். எனக்கு இந்தி வராது, சிரித்து வைத்தேன். மண்டலத்துக்கு நாலு என்கிற விதியைத் தப்பு என்று சொல்லவில்லை. எல்லா ஊருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். ஆனால் அதை வைத்து எந்த மண்டலம் பலம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அமெரிக்காவிலும் அதே கதைதான். 64 இடத்தில் 31 இடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேராகப் போய்விடும். மீதி 33 இடத்துக்குத்தான் இந்த எல்லாக் கணக்கும். அங்கே நமக்கு இல்லாத ஒரு வசதி, ஐந்தாவது அணிக்கும் எட்டாவது அணிக்கும்கூட அந்த 33-ல் வழி இருக்கிறது.

---

வாளையார் ரயில்:

டீச்சர், ஒத்துக்கொள்கிறேன், சராசரியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு பாயிண்ட். ஆர்.பி.ஐ. வெற்றி தோல்வி மட்டும்தான் பார்க்கும். 25-23, 25-23, 25-23 என்று தோற்றாலும் 25-10 என்று மூன்று தடவை தோற்றாலும் அதற்கு ஒன்றுதான். பாப்லோ என்று ஒரு தரவரிசை இருக்கிறது, அது எடுத்த பாயிண்ட்டுகளை எண்ணும். ஒரே வெளி ஆட்டத்தில் 150 பாயிண்ட் விளையாடினால் 150 தகவல் கிடைக்கிறது. அப்போது செப்டம்பரில் ஆட்டம் குறைவு என்கிற குறை கொஞ்சம் தீரும் இல்லையா?

---

பழைய லிஃப்டர், வண்ணாமடை:

நல்ல கேள்வி தம்பி. தீரும், கொஞ்சம். நெருக்கமாகத் தோற்ற அணியையும் கிழிந்து போன அணியையும் பிரித்துக் காட்டும். ஜோசியம் சொல்ல வேண்டுமானால் நான் ஆர்.பி.ஐ.யை விட்டுவிட்டு பாயிண்ட்தான் பார்ப்பேன். ஆனால் யாருக்கு இடம் கிடைக்கும் என்று சொல்ல வேண்டுமானால் குழுவின் மேஜையில் என்ன காகிதம் இருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். இது ரெண்டையும் குழப்பிக்கொண்டுதான் ஒவ்வொரு வருஷமும் எல்லாரும் கத்துகிறார்கள்.

பாயிண்டிலும் ஒரு ஓட்டை உண்டு. 2-0 என்று முன்னால் இருக்கும் பயிற்சியாளர் மூன்றாவது செட்டில் பெஞ்சுப் பிள்ளைகளை இறக்குவார். அந்த 25-22 எந்தத் தகவலும் இல்லை.

அப்புறம், கான்ஃபரன்ஸ் பெயரை வைத்து வரலாறு பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதை. 2024-ல் எல்லாம் கலைந்துவிட்டது. யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., ஓரிகன், வாஷிங்டன் நாலும் பிக் டென்னுக்குப் போயின. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்கு. ஒன்பது கப் வைத்திருக்கிற ஸ்டான்ஃபர்ட் பசிபிக் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு அட்லாண்டிக் கரை என்று பெயர் வைத்த ஏ.சி.சி.யில் ஆடுகிறது. நம் சித்தூர் தாலுக்காக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. ஒருகாலத்தில் நாம் கொச்சி ராஜ்ஜியம், பக்கத்துப் பாலக்காடு மதராஸின் மலபார் ஜில்லா, 1956 நவம்பர் 1க்கு அப்புறம் எல்லாரும் கேரளம். தோப்பும் வீடும் இருந்த இடத்தில்தான் இருந்தன, நாம் வீட்டில் பேசுகிற தமிழும் அப்படியேதான் இருந்தது.

அதனால் பெஞ்சில் யாராவது "எஸ்.இ.சி.க்கு ரெண்டு வருஷம் தொடர்ந்து கப்" என்று சொன்னால் நம்பாதீர்கள். டெக்சாஸ் 2022, 2023 ரெண்டையும் ஜெயித்தது பிக் 12 கான்ஃபரன்ஸில் இருந்தபோது. 2024 சீசன் வரை எஸ்.இ.சி. உறுப்பினராக இருந்து கப் வாங்கியது 2020 சீசனில் கென்டக்கி மட்டும்தான். அதையும் கொரோனாவால் 2021 ஏப்ரலில் ஆடினார்கள். ஏ.சி.சி. உறுப்பினராக இருந்து கப் வாங்கியவர்கள் 2024 வரை யாருமே இல்லை. லூயிவில் 2022-லும் 2024-லும் இறுதி வரை வந்து தோற்றது. 2024-ல் அதுவும் சொந்த ஊரில்!

---

நகரி சர்வீஸ்:

நான் ஆந்திரா பக்கம், நகரி. ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, ஊர் தூரம். முதல் ரெண்டு சுற்றை முதல் 16 அணிகள் தங்கள் சொந்த கோர்ட்டில் நடத்துகின்றன. மொத்தம் 32 அணிக்குத்தான் வரிசை எண் கொடுக்கிறார்கள், மீதியை 400 மைலுக்குள் பஸ்ஸில் வர முடியுமா என்று பார்த்துப் போட்டுவிடுவார்கள். ஆகவே மேற்குப் பக்கத்து நல்ல அணிகள் ஒரே மூலையில் குவிந்து ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்ளும். கொழிஞ்சாம்பாறை அண்ணா, கான்ஃபரன்ஸ் பார்க்கிறதோடு மேப்பையும் பாருங்கள்.

---

கொழிஞ்சாம்பாறை பெஞ்ச்:

எல்லாருக்கும் நன்றிங்க. டீச்சர், இந்த ஐந்தாவது அணி வைத்தியத்தை இன்றைக்கு பெஞ்சில் போட்டுப் பார்த்தோம். சராசரிக்காரர் கோபித்துக்கொண்டு டீ பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்படியென்றால் அட்டவணை எழுதும்போது கான்ஃபரன்ஸ் பலத்தை எந்த இடத்தில் பயன்படுத்துவது? எல்லாச் சுற்றிலுமா? இன்னொன்று, ஒரே கான்ஃபரன்ஸ் அணிகள் மோதினால் என்ன செய்வது? நெப்ராஸ்கா பற்றி நேராகச் சொல்லுங்கள், நான் மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

---

பழைய லிஃப்டர், வண்ணாமடை:

முதல் ரெண்டு சுற்றில் மட்டும் பாருங்கள். அந்தச் சுற்றுகளில் ஒரே கான்ஃபரன்ஸ்காரர்களை மோத விட மாட்டார்கள். ஆகவே நடு அணிகளின் பலம் அங்கேதான் வெளியே வரும். பெரிய கான்ஃபரன்ஸில் ஏழாவதாக வந்த அணியும் சின்ன கான்ஃபரன்ஸில் 27 ஆட்டம் ஜெயித்த சாம்பியனும் மோதுகிற இடம் அது. பொதுவாக நான் ஏழாவது அணியைத்தான் எழுதுவேன். வாரத்துக்கு ரெண்டு நாள் உயரமான பிளாக்குக்கு எதிராக ஆடிப் பழகியவர்களுக்கு அடுத்த உயரமான பிளாக் பயமாகத் தெரியாது. சின்ன ஊர்ச் சாம்பியனுக்கு அது முதல் தடவை. ஆனால் ஒரு விதிவிலக்கு: அந்தச் சாம்பியனின் சர்வீஸ் கடுமையாக இருந்தால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். நல்ல சர்வீஸ் எந்த கான்ஃபரன்ஸில் பிறந்தது என்று ரிசீவ் எடுக்கிற பிள்ளைக்குத் தெரியாது.

மூன்றாவது சுற்றிலிருந்து கான்ஃபரன்ஸ் பெயரை அழித்துவிடுங்கள். அங்கே இருக்கிறவர்கள் எல்லாருமே யாருடைய கான்ஃபரன்ஸிலும் உச்சியில் நிற்கக்கூடியவர்கள். ஆளை ஆளோடு வையுங்கள். 2024 அரையிறுதியில் பிட்ஸ்பர்க், லூயிவில் ரெண்டும் ஏ.சி.சி., நெப்ராஸ்கா, பென் ஸ்டேட் ரெண்டும் பிக் டென். ரெண்டு ஆட்டமும் வீட்டுச் சண்டை. பென் ஸ்டேட் சீசன் கடைசி வாரத்தில் நெப்ராஸ்காவை 3-1 என்று அடித்திருந்தது. ஆனாலும் அரையிறுதியில் 0-2, நாலாவது செட் 28-26, அப்புறம் ஐந்தாவது. அதை ஜெயித்து இறுதியில் லூயிவில்லை 3-1. பென் ஸ்டேட் பயிற்சியாளர் கேட்டி ஷூமேக்கர்-காலி மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்துகொண்டே அணியை நடத்தினார். கல்லூரி வாலிபாலின் உச்சிப் பிரிவான இந்த டிவிஷன் ஒன்னில் கப் வாங்கிய முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். நான் அன்று பள்ளிக்குப் போனதும் என் பிள்ளைகளை கோர்ட்டில் உட்கார வைத்து இதைத்தான் சொன்னேன். சர்வீஸ் பயிற்சி அரை மணி நேரம் போய்விட்டது.

பிக் டென்னில் ஒரு சிக்கல் இருக்கிறது. 18 அணி இருந்தால் எதிராளிகள் 17. ஆட்டம் 20. ஆக மூன்று பேரை மட்டும் ரெண்டு தடவை ஆட வேண்டும். அந்த மூன்று பேர் யார் என்று பார்க்காமல் "இவள் நாலாவது, அவள் ஆறாவது" என்று எழுதாதீர்கள். ஒருத்திக்கு அந்த மூன்றும் லேசாக விழுந்திருக்கும்.

நெப்ராஸ்கா: புதுப் பயிற்சியாளர் டேனி புஸ்பூம் கெல்லி, லூயிவில்லை ரெண்டு தடவை இறுதிக்குக் கொண்டுபோனவர். "எஸ்.இ.சி.யில் ஆடியிருந்தால்" என்று சொன்னவரிடம், ஆகஸ்டில் கென்டக்கியோடு ஐந்து செட் ஆடி ஜெயித்தார்கள் என்று சொல்லுங்கள். ஆனால் அது ஐந்து செட் என்பதையும் மறைக்காதீர்கள். அதிலிருந்து எனக்குத் தெரிவது, உச்சியில் ரெண்டு கான்ஃபரன்ஸுக்கும் நூல் அளவுதான் வித்தியாசம். தோற்காத அணி என்பதற்காக எழுதாதீர்கள். ஐந்தாவது செட்டுக்கு இழுபடாமல் பழகிவிட்ட அணிக்கு, இழுபடுகிற அன்றைக்குக் கை நடுங்கும். எந்த அணியாக இருந்தாலும்.

---

கொழிஞ்சாம்பாறை பெஞ்ச்:

புரிந்ததுங்க டீச்சர். ரெண்டு சுற்றுக்கு உங்கள் கணக்குப்படி எழுதுகிறேன். கப்புக்கு மட்டும் நெப்ராஸ்காவையே எழுதப் போகிறேன். அக்கா மகள் முகத்தில் விழிக்க வேண்டுமே.

---

பழைய லிஃப்டர், வண்ணாமடை:

எழுதுங்கள். திங்கட்கிழமை நாலரைக்கு அலாரம் வையுங்கள். பொள்ளாச்சி சாப்பாட்டுக்கு இப்போதே காசு எடுத்து வையுங்கள்.